ஃபெரோ: ஒரு பழைய கிரேக்க வினைச்சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெரோ என்றால் என்ன பொருள்?

சுமக்கிறேன், தூக்கிச் செல்கிறேன், கொண்டு வருகிறேன், கொண்டு போகிறேன், தாங்குகிறேன், பொறுக்கிறேன். மரம் காய்த்தாலும் இந்த வினைதான், காற்று கப்பலை அடித்துக்கொண்டு போனாலும் இதேதான். ஒரு பாதை ஊருக்குப் போகிறது என்பதற்கும் கிரேக்கர்கள் இதையே சொன்னார்கள். கையில் ஒரு பொருள், கால் நடையில்: இதுதான் கரு. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

அகராதியில் ஏன் ‘சுமத்தல்’ என்று போடாமல் ‘நான் சுமக்கிறேன்’ என்று போட்டிருக்கிறார்கள்?

அது அவர்கள் வழக்கம். தமிழ் அகராதி ‘சும’ என்று பகுதியைத் தரும் அல்லது ‘சுமத்தல்’ என்று தொழிற்பெயரைத் தரும். கிரேக்க அகராதி நிகழ்காலத் தன்மை ஒருமையைத் தரும். செயவென் எச்சம் போன்ற வடிவம் வேண்டுமென்றால் ஃபெரெய்ன்.

உச்சரிப்பு?

நம் எழுத்து இதற்கு நன்றாக உதவும். கிரேக்கத்தில் எ வேறு, ஏ வேறு. ஒ வேறு, ஓ வேறு. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காட்டத் தலைக்கு மேல் கோடு போட வேண்டியிருக்கிறது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ஃபெரோ என்றால் முதல் உயிர் குறில், கடைசி உயிர் நெடில். அவ்வளவுதான்.

முதல் எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஃப என்று எழுதியிருந்தாலும் பழைய ஏதென்ஸில் அது உதட்டைப் பல்லால் தொடும் ஒலி இல்லை. ‘ப்’ சொல்லிக்கொண்டே மூச்சை ஊதும் ஒலி. பல்லைத் தொடும் ஒலி சில நூற்றாண்டுகள் கழித்து வந்தது. இன்னொன்று: கீழே வரும் கிரேக்கச் சொற்களில் நடுவே க, த, ப வந்தால் மெலிக்காமல் வல்லோசையாகவே படியுங்கள்.

நிகழ்கால வடிவங்கள் எவை?

ஃபெரோ (நான்), ஃபெரெய்ஸ் (நீ), ஃபெரெய் (அவன், அவள், அது), ஃபெரொமென் (நாம்), ஃபெரெதெ (நீங்கள்), ஃபெரூஸி (அவர்கள், அவை). தமிழைப் போலவே விகுதியே ஆளைச் சொல்லிவிடும், ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் படர்க்கையில் ஆண், பெண், அஃறிணை வேறுபாடு கிடையாது. இருவருக்கென்று இருமை வடிவம் உண்டு. முதல் ஆண்டில் அதை விட்டுவிட்டால் குற்றமில்லை.

இறந்த காலத்துக்கு முன்னால் ஓர் ‘எ’ ஒட்டும்: எஃபெரொன், சுமந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் எதிர்காலம் ஏன் ‘ஒய்ஸோ’? அது வேறு சொல் இல்லையா?

வேறு சொல்தான். இங்கேதான் எல்லோரும் முழிக்கிறார்கள்.

கிரேக்க வினை ஒன்றை முழுதாகத் தெரிந்துகொள்ள ஆறு வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மற்றவையெல்லாம் இந்த ஆறிலிருந்து பிறக்கும். ஃபெரோவுக்கு அவை:

ஃபெரோ – சுமக்கிறேன்
ஒய்ஸோ – சுமப்பேன்
ஏனெங்கொன், அல்லது ஏனெங்க – சுமந்தேன்
எனேனொக – சுமந்திருக்கிறேன்
எனேனெங்மய் – சுமக்கப்பட்டிருக்கிறேன்
ஏனெக்தேன் – சுமக்கப்பட்டேன்

மூன்று வேறு வேர்கள் ஒரே வினைக்குள் குடித்தனம் நடத்துகின்றன. ‘ஃபெர்’ என்ற வேருக்குத் தூக்கிக்கொண்டே இருப்பது என்ற தொடர்நிலைப் பொருள்தான் இயல்பு. ‘தூக்கினான், முடிந்தது’ என்று ஒரே வெட்டாகச் சொல்ல அந்த வேரில் வடிவம் இல்லை. ஆகவே ‘எனெங்க்’ என்ற இன்னொரு வேரை அதற்கு வைத்துக்கொண்டார்கள். எதிர்காலத்துக்கு ‘ஒய்’ என்று மூன்றாவது ஒன்று வந்து சேர்ந்தது.

தமிழில் இப்படி இல்லை. வா, வருகிறேன், வந்தேன் என்று கொஞ்சம் கோணினாலும் உள்ளே இருப்பது ஒரே வேர். அதனால் நமக்கு இது விசித்திரமாகப் படும். ஆங்கிலத்தில் ‘கோ’வுக்கு இறந்தகாலம் ‘வென்ட்’, இந்தியில் ‘ஜானா’வுக்கு ‘கயா’ என்று பள்ளியிலேயே பழகியிருக்கிறோமே, அதே கதைதான். லத்தீனிலும் இதன் உறவுச்சொல் ஃபெரோ, துலி, லாத்தும் என்று முகம் மாற்றும்.

ஒரு வேடிக்கை: ஏனெக்தேன் என்பது தன்மை ஒருமை இறந்தகாலம். ‘நடந்தேன், எடுத்தேன்’ போல -தேன் என்று முடிகிறது. இது வெறும் தற்செயல், இதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள். மனப்பாடம் செய்ய மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எனக்கு ஆறில் முதலில் மனதில் நின்றது இதுதான்.

படிக்கும்போது ‘எய்செனெங்கேஸ்’ என்று ஒரு சொல் வருகிறது. அகராதியில் இல்லையே?

இருக்காது. ஃபெரோவின் கீழும் அல்ல, ‘எய்ஸ்ஃபெரோ’வின் கீழ் தேட வேண்டும். கிரேக்கம் படிக்க ஆரம்பித்த புதிதில் நானும் ‘எனெங்கெய்ன்’ என்ற சொல்லை எ வரிசையில் அரைமணி நேரம் தேடியிருக்கிறேன். ‘எனெங்க்’, ‘எனெக்’, ‘எனேன்’, ‘ஒய்ஸ்’ இந்த நான்கில் ஏதாவது கண்ணில் பட்டால் உடனே ஃபெரோ குடும்பம் என்று சந்தேகப்படுங்கள். முன்னால் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அதை உரித்தெடுங்கள்.

எய்செனெங்கேஸ் எங்கே வருகிறது என்று பார்த்தால் நிறையப் பேருக்கு மனப்பாடமான இடம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மத்தேயு 6:13. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்று சொல்கிறோமே, அந்த ‘உட்படப்பண்ணாமல்’ தான். ‘எய்ஸ்’ என்றால் உள்ளே. ‘எனெங்க்’ கொண்டு போதல். ‘-ஏஸ்’ நீ. முன்னால் ‘மே’ என்ற மறுப்புச்சொல். சோதனைக்குள் எங்களைக் கொண்டுபோய் விட்டுவிடாதே. தமிழ் மொழிபெயர்ப்பில் ‘உள்’ இருக்கிறது, தூக்கிப் போவதுதான் மறைந்துவிட்டது.

சரி, தமிழில் பெயர்க்கும்போது ‘கொண்டு வா’ என்பதா, ‘கொண்டு போ’ என்பதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். மற்றவை இலக்கண நூலிலேயே இருக்கின்றன.

தமிழில் நாம் திசையைச் சொல்லாமல் தப்பிக்கவே முடியாது. பேசுகிறவன் பக்கம் வந்தால் ‘கொண்டு வா’, விலகினால் ‘கொண்டு போ’. ஃபெரோவுக்கு அந்தக் கவலை இல்லை. சுமை நகர்கிறது, அவ்வளவே. எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமானால் முன்னொட்டையோ சூழலையோ நம்ப வேண்டும்.

கி.மு. 600ஐ ஒட்டி லெஸ்போஸ் தீவில் வாழ்ந்த பெண்கவி சாஃபோவின் இரண்டு வரிகள் சிதைந்த துண்டாகக் கிடைத்திருக்கின்றன. மாலை வெள்ளியைப் பார்த்துப் பாடுகிறாள். ஒளிரும் விடியல் சிதறடித்த எல்லாவற்றையும் நீ ஃபெரோன், சுமந்து வருகிறவன். பிறகு மூன்று முறை ஃபெரெய்ஸ், ஃபெரெய்ஸ், ஃபெரெய்ஸ். செம்மறியை, வெள்ளாட்டை, கடைசியில் தாய்க்கு அவள் பிள்ளையை. முதல் இரண்டிலும் சிக்கல் இல்லை. பகலெல்லாம் மேய்ந்தவை அந்தியில் பட்டிக்குத் திரும்புகின்றன, ‘கொண்டு வருகிறாய்’. மூன்றாவது இடத்தில் மட்டும் ‘அபு’ என்ற சொல் செருகியிருக்கிறது. அதற்கு ‘விலகி’ என்றும் பொருள், ‘திரும்ப’ என்றும் பொருள் கொள்ளலாம்.

திரும்ப என்றால் விளையாடப் போன பிள்ளை தாயிடம் வந்து சேர்கிறது. விலகி என்றால் தாயிடமிருந்து பெண்ணைப் பிரித்துக் கொண்டு போகிறது அந்த அந்தி நேரம், கல்யாண ஊர்வலத்தில். சாஃபோ மணப்பாடல்கள் எழுதியவள் என்பதால் இரண்டாவதும் பொருந்தும். அறிஞர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். எனக்குத் தோன்றுவது: கிரேக்கம் கேட்டவர்களுக்கு அங்கே ஒரு கணம் இரண்டும் சேர்ந்தே கேட்டிருக்கும். எல்லாம் வீடு திரும்புகிற மாலையில் ஒருத்தி மட்டும் வீட்டை விட்டுப் போகிறாள். தமிழில் ‘கொண்டு வருகிறாய்’ என்று எழுதினாலும் போச்சு, ‘கொண்டு போகிறாய்’ என்று எழுதினாலும் போச்சு. ‘ஏந்துகிறாய்’, ‘சுமக்கிறாய்’ என்று திசையில்லாத வினையை மூன்று இடத்திலும் வைத்தால் கொஞ்சம் தேறலாம்.

அந்த வரிகள் நமக்குக் கிடைத்ததே பின்னாளைய உரைநடை நூல் ஒன்று எடுத்துக்காட்டாகக் காட்டியதால்தான். எதற்கு எடுத்துக்காட்டு? ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் ‘அனஃபொரா’ என்ற அணிக்கு. அந்தப் பெயரும் ஃபெரோவில் பிறந்ததுதான்.

‘பான்த ஃபெரோன்’, எல்லாவற்றையும் ஃபெரோ செய்கிறவன் என்கிறாள் சாஃபோ. பல நூற்றாண்டுகள் கழித்து எபிரெயர் நிருபம் 1:3இல் அதே இரு சொற்கள் இடம் மாறி வருகின்றன. அங்கே பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘சர்வத்தையும் தாங்குகிறவர்’ என்கிறது. ஆடு மாடுகளை வீட்டுக்கு ஓட்டி வரும் வினையேதான் உலகத்தைத் தாங்கிப் பிடிக்கவும் செய்கிறது.

‘ஃபெரொமய்’ என்றும் பார்க்கிறேனே?

அது நடுவினை. செயலின் பலன் செய்தவனுக்கே சேர்வது. தமிழில் ‘கொள்’ சேர்த்துச் சொல்வோமே, ‘எடுத்தான்’, ‘எடுத்துக்கொண்டான்’ என்று, ஏறக்குறைய அது. ஃபெரொமய் என்றால் எனக்கென்று தூக்கிக்கொள்கிறேன், அதாவது பரிசை வெல்கிறேன்.

ஹோமரின் போர்க்காவியமான இலியத்தின் 18ஆம் காண்டத்தில் கிரேக்க வீரன் அக்கிலியஸை எதிர்த்து நிற்பேன் என்று ட்ராய் இளவரசன் ஹெக்தோர் சொல்லும் ஒரே வரியில் இரண்டும் இருக்கின்றன. பெரும் வெற்றியை அவன் ஃபெரேஸி (செய்வினை), இல்லையேல் நான் ஃபெரொய்மேன் (நடுவினை). எதிரி தூக்கிப் போகலாம், அல்லது அது எனக்கே என்று நான் தூக்கிக்கொள்ளலாம். இந்த அளவு நுணுக்கமாகப் படிக்கக் கூடாது, செய்யுள் ஓசைக்காகத்தான் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும்.

இதே வடிவம்தான் செயப்பாட்டுக்கும். ஹோமரின் இன்னொரு காவியமான ஒதிசேயத்தின் 9ஆம் காண்டத்தில் ஒதிசேயுஸ் ஒன்பது நாள் கொடுங்காற்றில் அடித்துச் செல்லப்பட்டதை ‘ஃபெரொமேன்’ என்கிறான். வென்றவனும் அடித்துப் போகப்பட்டவனும் ஒரே வடிவத்தில். சூழலைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

சுமப்பதும் பொறுப்பதும் எப்படி ஒரே சொல்லாகும்?

தமிழனுக்கு இந்தக் கேள்வி வரவே கூடாது! ‘பொறை’ என்றால் சுமை. பொறை என்றால் பொறுமை. ‘பொறு’ என்பதிலிருந்துதான் பொறுப்பும் வந்தது. பொறையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் தோண்டுகிறவனையே தாங்கும் நிலத்தைக் காட்டி, இகழ்பவரைப் பொறுக்கச் சொல்கிறார். தாங்குவதும் பொறுப்பதும் அங்கே ஒன்றை ஒன்று விளக்குகின்றன.

கிரேக்கத்தில் ‘பரெயோஸ் ஃபெரெய்ன்’ என்றால் கனமாகச் சுமத்தல். ஒன்றை மனதில் பாரமாக ஏற்றிக்கொள்வது, வருந்துவது. ‘ராதியோஸ் ஃபெரெய்ன்’ என்றால் லேசாக எடுத்துக்கொள்வது.

நாடகங்களில் பேச்சின் நடுவே ‘ஃபெரெ’ என்கிறார்கள். எதைக் கொண்டு வரச் சொல்கிறார்கள்?

எதையும் இல்லை. ‘ஃபெரெ’ ஏவல்தான், ‘கொண்டு வா’. ஆனால் ‘ஃபெரெ தே’ என்றால் ‘சரி, வா பார்ப்போம்’. ‘ஃபெர் இதோ’ என்றால் ‘எங்கே, பார்க்கட்டும்’. நாமும் ‘எங்கே சொல்லு’ என்னும்போது இடத்தைக் கேட்பதில்லை அல்லவா. ‘கொண்டா பாப்போம்’ என்ற பேச்சுவழக்கு இதற்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

‘அகெய்ன் கய் ஃபெரெய்ன்’ என்ற தொடர்?

கொள்ளையடித்தல். அகெய்ன் என்றால் நடத்திப் போதல், ஓட்டிப் போதல்: ஆடு, மாடு, மனிதர். ஃபெரெய்ன் என்றால் தூக்கிப் போதல்: பண்ட பாத்திரம். கால் உள்ளதை ஓட்டிக்கொண்டு, கால் இல்லாததைத் தூக்கிக்கொண்டு போனால் ஊரில் என்ன மிஞ்சும்?

இந்த இரு வினைகளும் சேர்ந்து வருவது மிகப் பழைய வழக்கம். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்துக் காட்டிய லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்தில், பீலோஸ் அரண்மனைக் களிமண் பலகை ஒன்றில் ‘பெ-ரெ’, ‘அ-கெ’ என்று அடுத்தடுத்து இருக்கின்றன. கி.மு. 1200ஐ ஒட்டிய பலகை. அங்கே கொள்ளை இல்லை, தெய்வங்களுக்குக் காணிக்கை: பரிசுப்பொருளைத் தூக்கிக்கொண்டு, இன்னொன்றை நடத்திக்கொண்டு.

முன்னொட்டுகளோடு எத்தனை சொல்?

ஏராளம். எல்லாவற்றையும் அடுக்கினால் அகராதியாகிவிடும். சில:

‘தியாஃபெரோ’ என்றால் பிரித்துச் சுமத்தல், அதனால் வேறுபடுதல், சிறத்தல். ‘சும்ஃபெரோ’ என்றால் ஒன்றாகக் கொண்டு சேர்த்தல், அதனால் நன்மை தருதல். ‘எய்ஸ்ஃபெரோ’விலிருந்து வந்த ‘எய்ஸ்ஃபொரா’ ஏதென்ஸில் போர்க்காலத்தில் பணக்காரர்கள் கட்டிய வரி. ‘எக்ஃபெரோ’ வெளியே எடுத்தல். அதிலிருந்து வந்த ‘எக்ஃபொரா’ என்றால் சவ ஊர்வலம். ‘எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?’ என்று துக்க வீட்டு வாசலில் தணிந்த குரலில் கேட்போமே, அந்த ‘எடுத்தல்’ தான். இதைக் கற்றபோது எனக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

‘மெதஃபெரோ’ இடம் மாற்றிச் சுமத்தல். இதிலிருந்து ‘மெதஃபொரா’, உருவகம். அரிஸ்தோதில் அதை வரையறுக்கும்போது, ஒன்றுக்குரிய பெயரை இன்னொன்றுக்கு ‘எபிஃபொரா’ செய்வது என்கிறார். ஃபெரோவை விளக்க மறுபடியும் ஃபெரோ!

ஃபெர் எப்படி ஃபொர் ஆயிற்று?

படு–பாடு, சுடு–சூடு, கெடு–கேடு என்று முதனிலை திரிந்த தொழிற்பெயர் நமக்கு உண்டு. அவர்களிடம் எ, ஒ ஆகும். ஃபெரோ, சுமக்கிறேன், ஃபொரொஸ், கொண்டு வந்து கட்டும் திறை. கி.மு. 478–477இல் ஏதென்ஸ் தலைமையில் கூட்டணி அமைந்தபோது முதல் ஃபொரொஸ் 460 தாலந்து (எடை அளவு) என்று வரலாற்றாசிரியர் துக்கிதிதேஸ் எழுதுகிறார். ஒ நீண்டு ஓ ஆனால் ஃபோர், திருடன். தூக்கிக்கொண்டு போகிறவன்தானே.

தமிழில் புழங்கும் சொற்களில் இது எங்கேயாவது இருக்கிறதா?

இரண்டு வழியில் இருக்கிறது. நேராக வந்தவை ஆங்கிலம் வழியாக. பாஸ்பரஸ் என்பது ‘ஒளி கொணர்வது’; விடிவெள்ளிக்கு கிரேக்கர் வைத்த பெயர் அது. 1669இல் ஹென்னிக் பிராண்ட் என்ற ஜெர்மானியர் சிறுநீரைக் காய்ச்சிக் கண்டெடுத்த, இருட்டில் மினுங்கும் பொருளுக்கு அந்தப் பெயர் போயிற்று. சாஃபோவின் மாலை வெள்ளியும் இந்த விடிவெள்ளியும் ஒரே கோள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்டோபர், கிறிஸ்துவைச் சுமந்தவர். ஃபெரோமோன், 1959இல் ஃபெரோவையும் ஹார்மோனையும் ஒட்டிச் செய்த சொல். வயலில் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிற விவசாயிக்குச் சொல் தெரியாவிட்டாலும் சரக்கு தெரியும்.

இன்னொரு வழி உறவுமுறை. கிரேக்கத்தின் டோரிய வட்டார வழக்கில் ‘சுமக்கிறார்கள்’ என்பது ஃபெரொன்தி. லத்தீனில் ஃபெருந்த். சமஸ்கிருதத்தில் பரந்தி, ப-வை மூச்சோடு சொல்ல வேண்டும். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்த வடமொழி வேரிலிருந்துதான் நாம் எடுத்துக்கொண்ட ‘பாரம்’ வந்தது. பர்த்தா, ஆபரணம், பரதன் ஆகியவையும் அதே வேர். பாரவண்டி என்று சொல்லும்போது ஃபெரோவின் அத்தை பிள்ளையைத்தான் கூப்பிடுகிறோம். ‘பொறு’வுக்கு இந்த உறவு கிடையாது, அது நம் சொந்தச் சொல்.

அம்ஃபொரா ஜாடிக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. ‘அம்ஃபி’ இருபுறம். இரண்டு காதையும் பிடித்துத் தூக்கும் ஜாடி. முழுச்சொல் அம்ஃபிஃபொரெயுஸ், வாய்க்குள் நுழையாமல் நடுவில் ஓர் அசையை விழுங்கிவிட்டார்கள். லீனியர் பி பலகைகளிலேயே நீண்டதும் குறுகியதும் இரண்டும் கிடைக்கின்றன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு அம்ஃபொரா ஓடுகள் கிடைத்தன.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. ‘ஃபெரெனிகே’ என்றால் வெற்றி கொணர்பவள். மக்கெதோனியர்கள் ஃபவைப் ப போல மெலித்துச் சொல்வார்கள், அதனால் பெரெனிகே. வெரோனிக்கா என்ற பெயரும் இதன் பேத்திதான். எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி, செங்கடல் கரையில் அமைத்த துறைமுகத்துக்குத் தன் தாய் பெரெனிகேயின் பெயரை வைத்தான். அங்கே நடந்த அகழாய்வில் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்தது. செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த பெரிய தாழி ஒன்றும் கிடைத்தது. உள்ளே சுமார் 7.5 கிலோ மிளகு.

இன்றைய கிரேக்கத்தில் இந்த வினை உயிரோடு இருக்கிறதா?

ஃபெர்னோ என்று மாறி இருக்கிறது. ஒய்ஸோவும் ஏனெங்கொனும் அன்றாடப் பேச்சிலிருந்து போய்விட்டன, இறந்தகாலம் எஃபெரா. பழைய ‘ஃபொரெயோ’ (வழக்கமாகச் சுமத்தல்) இன்று ‘ஃபொராவோ’, சட்டை போட்டுக்கொள்வது. ஏதென்ஸ் தெருவில் வீட்டுச் சாமான் ஏற்றிப் போகும் லாரியின் பக்கவாட்டில் ‘மெதஃபொரெஸ்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். உருவகங்கள் என்று படித்துத் திகைக்க வேண்டாம், கட்டிலும் பீரோவும்தான் உள்ளே இருக்கும்.